லைசென்சுக்கு வைத்த பொட்டு

1

இந்த வருஷமும் ஆயுத பூசைக்கு எங்கள் கடையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். முதலாளி ஐயா தன் கையாலேயே, தமிழில், கொட்டை எழுத்தில் எழுதியது: "இதன்மேல் பொட்டு வைக்கப்படாது." கூடவே ஒரு அம்புக்குறி. அம்புக்குறி காட்டிய இடத்தில் சுவரில் கடை லைசென்ஸ் தொங்கியது.

கடையில் மொத்தம் ஆறு பேர் வேலை செய்கிறோம். அதில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஐயாவும் நானும்தான். ஐயா தனக்குத் தானே எழுதி ஒட்டிக்கொள்கிறவர் இல்லை. ஆக அது யாருக்கு என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. என்னிடம் சின்னப் படிப்புகூடக் கிடையாது, எனக்கே புரிந்துவிட்டது.

ஏன் அப்படி ஓர் அறிவிப்பு என்பதைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒன்று. துறையூரில் இருந்தும் முசிறியில் இருந்தும் எனக்குக் கடிதம் போடுகிற சொந்தபந்தங்களே, நான் டாக்டர் இல்லை. "மலேசியாவில் மருந்து கம்பெனியில் இருக்கிறேன்" என்று ஒரு தடவை பெருமைக்கு எழுதிப் போட்டேன். அன்றிலிருந்து சின்ன மாமனாரின் முழங்கால் வலியெல்லாம் ஏர்மெயிலில் வருகிறது. போன மாதம் ஒரு பசுமாட்டுக்கு வயிறு ஊதியிருப்பதாக வந்தது. கடிதம் என் கைக்கு வரும்போது ஒன்று மாடு பிழைத்திருக்கும், இல்லை போயிருக்கும். எப்படியானாலும் என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் ஈப்போவில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் ஸ்டோர் ஆள். பெட்டி ஏற்றுவேன், பெட்டி இறக்குவேன், வேன் ஓட்டுவேன். அவ்வளவுதான் என் வைத்தியம்.

2

பள்ளிக்கூடத்துக்கு நான் மொத்தம் மூன்று நாள் போனேன். மூன்றாவது நாள் வாத்தியார் பிரம்பை எண்ணெயில் ஊறப்போட்டதைப் பார்த்தேன். அதோடு சரி. தமிழ் எழுத்தை நாடக நோட்டீசிலும், சாமான் சுற்றி வரும் பழைய பேப்பரிலும்தான் கூட்டிக் கூட்டிக் கற்றேன். பதினேழு வயதில் சித்தப்பாவோடு கப்பலேறி, கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இறங்கினேன். மரம் சீவத் தெரியும் என்று பொய் சொல்லிச் சேர்ந்தேன். நான் சீவிய மரத்தில் பால் வரவில்லை. கங்காணி என்னைப் பேசிய பேச்சில் என் கண்ணில்தான் வந்தது. பிறகு அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். மரத்துக்கு என்னிடமிருந்து விடுதலை கிடைத்தது. நான் ஈப்போவுக்கு வந்தேன்.

எங்கள் ஐயாவின் பெயர் குலசிங்கம். அப்பா காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். ஐயா பார்மசி படித்தவர். அவர் பேசும் தமிழ் வேறு, நம் தமிழ் வேறு. என்னைத் திட்டும்போதுகூட "நீர்" என்று மரியாதையாகத்தான் திட்டுவார். ஊரில் என்னைக் கொஞ்சியவர்கள்கூட அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

வாரத்தில் ஒரு நாள் பீடோர் பக்கம், ஒரு நாள் கோலா கங்சார் பக்கம் என்று வேனில் மருந்து கொண்டுபோய்த் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் இறக்குவேன். அங்கே டாக்டர் எப்போதாவதுதான் வருவார். காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர்தான் எல்லாம்.

இந்த ஊர்ச் சட்டத்தில், டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்துகளுக்கு "விஷம்" என்றே பெயர். அதை மொத்தமாக வாங்கி விற்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கடையின் பெயரில் வராது. படித்த பார்மசிக்காரர் பெயரில்தான் வரும். அந்த மருந்துக்குத் தனி அலமாரி. அலமாரிக்கு ஒரே சாவி. அது ஐயாவின் இடுப்பில். வருஷா வருஷம் லைசென்சைப் புதுப்பிக்க வேண்டும்.

நாங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் மருந்து போட்டதால் இன்னொன்றும் கேட்டார்கள். ஜாமீன் பத்திரம். கடை சட்டத்தை மீறினால் நான் பொறுப்பு என்று சொத்துள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஐயாவின் சொந்தக்காரர்களில் டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு. ஆனால் ஜாமீன் கையெழுத்து என்றதும் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் கை சுளுக்கிக்கொண்டது. கடைசியில் போட்டவர் காம்பாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஆ லெக் தவுக்கே, ஒரு சீனர். தவுக்கே என்றால் முதலாளி.

என் கதைக்கு வருகிறேன். அப்போது என்னிடம் இருந்தது சிவப்பு ஐசி. இங்கே குடிமக்களுக்கு நீல அடையாளக் கார்டு, எங்களைப் போல் வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்குச் சிவப்பு. சிவப்புக்காரன் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். பெர்மிட்டில் எந்த முதலாளி என்று எழுதியிருக்கும். அந்தக் கடை போனால் பெர்மிட் போகும். பெர்மிட் போனால் என்ன ஆகும் என்று எழுபதுகளில் பார்த்தேன். என்னோடு மரம் சீவிய எத்தனையோ பேர் தகரப்பெட்டியோடு கப்பலேறிப் போனார்கள். என் பெண்சாதியும் மகள் மல்லிகாவும் இங்கே பிறந்தவர்கள், நீலம். வீட்டில் நான் ஒருவன்தான் சிவப்பு. குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த நேரம் அது.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூசை வந்தது.

3

ஐயா ஒரு வாரம் கோலாலம்பூர் போயிருந்தார். "சடையப்பன், பூசையைக் குறைவில்லாமல் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தப்பு முழுக்க என்னுடையது இல்லை என்பதற்கு அந்த ஒரு வார்த்தைதான் என் சாட்சி.

தராசுக்கு வைத்தேன். கத்தரிக்கோலுக்கு, டைப் மிஷினுக்கு, டெலிபோனுக்கு வைத்தேன். வேனின் நாலு சக்கரத்துக்கும் வைத்துவிட்டு, ஸ்டெப்னிக்கு மனவருத்தம் வரக்கூடாது என்று அதற்கும் வைத்தேன். கையில் இன்னும் சந்தனம் இருந்தது. சுற்றிப் பார்த்தேன். சுவரில் லைசென்ஸ்.

நன்றாக யோசித்துத்தான் செய்தேன், அதுதான் கொடுமை. தராசு இல்லாவிட்டால் வேறு தராசு வாங்கலாம். இந்தக் காகிதம் இல்லாவிட்டால் நாம் இல்லை என்று ஐயாவே நூறு தடவை சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் கடையிலேயே பெரிய ஆயுதம் எது? முதலில் கண்ணாடிமேல்தான் வைக்கப் போனேன். கண்ணாடிக்கு வைத்தால் அது கண்ணாடிக்குத்தானே போய்ச் சேரும், லைசென்சுக்கு எப்படிச் சேரும் என்று ஒரு ஞானம் பிறந்தது. பிரேமைக் கழற்றினேன். காகிதத்தை எடுத்தேன். மேலே அரசாங்க முத்திரையில் இரண்டு புலி. இரண்டு புலிக்கும் நெற்றியில் ஒவ்வொரு பொட்டு. நடுவில் பெரிதாக ஒன்று. நடுவில்தான் தேதி இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணனுக்கு வைத்துவிட்டுத் தம்பிக்கு வைக்காமல் இருப்பதா என்று, மேசை டிராயரில் இருந்த ஜாமீன் பத்திரத்தையும் எடுத்தேன். அதில் புலி இல்லை. அடியில் ஒரு கையெழுத்து மட்டும் வளைந்து நெளிந்து அழகாக இருந்தது. அதற்கு வைத்தேன். சந்தனம் கொஞ்சம் தண்ணியாக இருந்தது. குங்குமம் அதில் கரைந்து ஓடியது. ஊதி ஊதிக் காயவைத்து, கற்பூரம் காட்டி, எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

4

ஐயா திரும்பி வந்த அன்று காலையிலேயே சோதனை அதிகாரியும் வந்தார். இளவயசு மலாய்க்காரர், நல்ல மனிதர், யாரையும் அதட்டமாட்டார். அலமாரியைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார், "பாகூஸ், பாகூஸ்", நல்லது நல்லது என்று தலையாட்டினார். பிறகு சுவரைப் பார்த்தார். கிட்டப் போனார். கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்தும் போகவில்லை.

ஐயாவும் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சடையப்பன், இது என்ன காணும்?"

"பொட்டு, ஐயா."

"பொட்டெண்டு தெரியுது. இதுக்கு மேல ஏன் கிடக்குது?"

"நீங்கதான் பூசைய குறையில்லாம செய்யச் சொன்னீங்க, ஐயா. எல்லாத்துக்கும் வெச்சேன்."

"எல்லாத்துக்கும் எண்டா?"

"தராசு, டெலிபோன், ஸ்டெப்னி..." சொல்லிக்கொண்டே போனால் மறந்துவிடுவார் என்று பார்த்தேன். அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"ஜாமீன் பத்திரம்?"

"அதுக்கும்தான், ஐயா."

ஐயா நாற்காலியைப் பார்க்காமலேயே உட்கார்ந்தார். நல்ல வேளை, நாற்காலி அங்கே இருந்தது.

அதிகாரி கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. லைசென்சில் தேதி தெரியவில்லை, ஜாமீனில் கையெழுத்து தெரியவில்லை, இரண்டும் தெரியாமல் இருப்பதால் யாருக்கு லாபம் என்று சட்டம் கேட்கும் என்றார். விஷ அலமாரிக்கு அரக்கு வைத்து முத்திரை போட்டார். இரண்டு வாரம் தந்தார். அதற்குள் இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, புதிய ஜாமீன் பத்திரம், அதே ஜாமீன்காரர் கையெழுத்தோடு. இன்னொன்று, இதைச் செய்தவர் தானே செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். அது வராவிட்டால் லைசென்ஸ்காரரே தேதியை மறைத்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டிவரும்.

அவர் போனதும் ஐயா சொன்னார்: "நான் எழுதிக் குடுக்கிறன். நான் வச்சன் எண்டு."

"நீங்க எழுதினா என்னா ஆவும், ஐயா?"

"என்ர பேரை வெட்டுவினம். வெட்டினா லைசென்ஸ் இல்லை, கடை இல்லை."

"அப்ப நான் எழுதறேன்."

"உமக்கென்ன விசரே? உம்மட சிவப்புக் கார்டைக் கையில வச்சுக்கொண்டு, அரசாங்கப் பத்திரத்தை நாசமாக்கினன் எண்டு அரசாங்கத்துக்கே எழுதிக் குடுக்கப் போறீரோ? நாளைக்குக் குடியுரிமைக் கந்தோரில இதைத்தான் தூக்கிப் போடுவினம்."

கந்தோர் என்பது அவர் தமிழில் ஆபீஸ். ஐயா சொன்னது சரிதான். அவர் எழுதினால் கடை போகும், கூடவே என் பெர்மிட். நான் எழுதினால் கடை பிழைக்கும், என் மனு போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் அதே கப்பல்தான் நின்றது. நானே சந்தனம் அரைத்து நானே வரவழைத்த கப்பல்.

5

வாக்குமூலத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஜாமீன் என்று அடுத்த நாளே காம்பாருக்கு வேனை விட்டேன். ஆ லெக் தவுக்கே தோட்டத்து ஆட்களுக்குச் சைக்கிள் விற்றே வளர்ந்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார். ஒரே ஒரு குறை, அவருடைய தமிழில் "நீங்க" கிடையாது. மாரியம்மனாக இருந்தாலும் "நீ"தான். இந்த ஊரார் எல்லாரையும் போல வாக்கியத்தின் வாலில் ஒரு "லா"வும் ஒட்டும்.

"ஒரு தடவ போட்டாச்சுலா" என்றார், பத்திரத்தைத் தொடாமலே. "ரெண்டாவது ஏன்? ரெண்டு கையெழுத்து போட்டா ரெண்டு வீடு போவும்லா?"

"இல்ல தவுக்கே. பழசு செல்லாது. கெட்டுப்போச்சு."

"பேப்பர் எப்பிடி கெட்டுப்போவும்? அது என்னா மீனா? பழசு காட்டு."

காட்டினேன். தவுக்கே மூக்குக் கண்ணாடியை மாட்டினார். நெடுநேரம் பார்த்தார். மெதுவாக நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"என் பேரு மேல ரத்தம்."

"ஐயோ, ரத்தமில்ல தவுக்கே, குங்குமம். அந்த மஞ்சள் சந்தனம்."

"என் பேரு மேல ஏன் வெச்சே? நீ எனக்கு என்னா செஞ்சே? அதான்லா! அதான் போன வாரத்துலேர்ந்து எனக்குப் பல்லு வலி!"

அவர் அதைச் செய்வினை என்றே முடிவு கட்டிவிட்டார். கடையில் சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கன்னத்தைத் தூக்கிக் காட்டினார். வீங்கித்தான் இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

"தவுக்கே, இது சாமிக்கு வெக்கிறது. நல்லதுக்கு."

"நல்லதுன்னா பல்லு ஏன் வலிக்குது?"

"பொட்டு வெக்காம இருந்தா பல்லே விழுந்துருக்கும் தவுக்கே. நான் வெச்சதால வலியோட போச்சு."

சொல்லிவிட்டு நானே பயந்து நின்றேன். தவுக்கே என்னை முறைத்தார். பிறகு அவர் வயிறு முதலில் குலுங்கியது. சிரித்தால் பல் வலிக்கிறது, வலித்தால் என்னைத் திட்டுகிறார், திட்டிக்கொண்டே சிரிக்கிறார்.

"நீ பெரிய பொய்க்காரன்லா, சடையா. ஆனா ஐயா பொய் சொல்லாது. என் அம்மா சாகக் கெடந்தப்ப எல்லாரும் கடை மூடிட்டான். ஐயா மட்டும் மழையில மருந்து எடுத்துக்கிட்டு காம்பார் வரைக்கும் வந்துச்சு. அதுக்குத்தான் அன்னிக்குப் போட்டேன். இன்னிக்கும் அதுக்குத்தான்."

புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை என் கை இரண்டையும் மேசைமேல் வைத்திருக்கச் சொன்னார். நான் எதையும் எடுத்துப் பூசிவிடாமல் பார்த்துக்கொண்டார்.

6

வாக்குமூலத்தை நாலு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் பீடோர் பக்கத்துத் தோட்டத்துக்கு இருமல் மருந்தும் பஞ்சும் கொண்டுபோனேன். அலமாரியில் இருப்பதைத்தான் தொட முடியாதே. டிரஸ்ஸர் பெட்டியைக் கிண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வலிப்பு மாத்திரை எங்கண்ணே?"

"அலமாரி சீல் வெச்சிருக்கு, தம்பி."

"பொன்னம்மாவுக்கு இன்னும் நாலு நாளைக்குத்தான் இருக்கு. வேற எடத்துல கேட்டேன், பதினஞ்சு நாளாவும்கிறான். மாத்திரை இல்லாம போன தடவ அடுப்புல விழுந்துச்சு, தெரியும்ல?"

தெரியும். தோட்டத்தில் வேலை செய்யும் அந்தப் பெண்ணின் வெந்துபோன இடது கையை எனக்குத் தெரியும். ஒரு பொட்டு இவ்வளவு தூரம் வரும் என்றுதான் தெரியாது.

வீட்டுக்கு வந்து மல்லிகாவைக் கூப்பிட்டேன். அவள் மலாய்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு டைப் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னோடு தமிழில் பேசுவாள், சிநேகிதிகளோடு மலாயில் பேசுவாள், தூக்கத்தில் உளறும்போது எந்த மொழி என்று கவனித்தேன். மலாய். எனக்குப் புரியாத மொழியில் என் மகள் கனவு காண்கிறாள்.

நான் சொல்லச் சொல்ல மலாயில் எழுதினாள். பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, இங்க 'குற்றம்'னு போடவா, 'தவறு'ன்னு போடவா?"

"ரெண்டுல எது சின்னது?"

"தவறு."

"அப்ப சின்னதயே போடு."

அவள் போடவில்லை. பேனாவை மூடினாள்.

"வேணாம்பா. இத எழுதாதீங்க. உங்கள அனுப்பிட்டாங்கன்னா?"

"எங்க?"

"இந்தியாவுக்குலா."

"அனுப்பினா நீயும் அம்மாவும் லீவுக்கு வாங்க. அங்க என் சின்ன மாமனார் இருக்காரு. முழங்கால் காட்டுவாரு."

வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். சிரிக்கவில்லை.

"எனக்கு அங்க யாரயும் தெரியாதுப்பா."

"எனக்கும் இப்ப யாரயும் தெரியாதுடி" என்றேன். அது வேடிக்கையாகச் சொல்ல வந்தது. வெளியே வந்தபோது வேடிக்கையாக இல்லை. மூன்று நாள் பள்ளிக்கூடம் போனவனுக்குக் கணக்கு வராது. ஆனாலும் இந்தக் கணக்கு வந்தது. ஐயா பெயர் போனால் எல்லாரும் போவோம், பொன்னம்மா மாத்திரை உட்பட. என் பெயர் போனால் நான் மட்டும்.

"எழுது" என்றேன். எழுதினாள்.

அதிகாரி நேரிலும் கேள்வி கேட்பார், தாளில் இருப்பதைத் தப்பில்லாமல் வாயால் சொல்ல வேண்டும் என்று ஐயா சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த மலாய், மீன் வாங்கும் மலாய். இலக்கணம் கிடையாது, விலை மட்டும் கேட்கும். மல்லிகா ஒரு ரூலரை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மூன்று நாள். ஒரு சொல் தவறினால் மேசையில் ஒரு தட்டு. எந்தப் பிரம்புக்குப் பயந்து ஓடி வந்தேனோ அது கடல் தாண்டி என் வீட்டிலேயே வளர்ந்திருக்கிறது. வேன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்தேன். குளிக்கும்போது ஒப்பித்தேன். "கீழே கையெழுத்திட்ட சடையப்பன் ஆகிய நான், என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய தூண்டுதலும் இன்றி..." என்று சுத்தமான மலாயில், வானொலிச் செய்தி மாதிரி.

அதிகாரி முன்னால் நின்று முழுவதும் சொன்னேன். தமிழில் கையெழுத்துப் போட்டேன். என் அடையாளக் கார்டைக் கேட்டார். சிவப்பைப் பார்த்ததும் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"பாக்சிக், இது ஃபைலில் இருக்கும். எடுக்க முடியாது. தெரியுமில்லையா?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். பாக்சிக் என்றால் சித்தப்பா மாதிரி. தெரியும் என்று தலையாட்டினேன்.

அன்று மாலையே முத்திரையை உடைத்தார்கள். பொன்னம்மா மாத்திரையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பெர்மிட் புதுப்பிக்கிற நாளில் ஐயா வழக்கமாக என்னைத் தனியாகத்தான் அனுப்புவார். அந்த வருஷம் கடையைப் பூட்டிவிட்டு அவரும் வந்து, பெஞ்சில் என் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

7

குடியுரிமை நேர்காணலுக்கு அதற்கடுத்த வருஷம் கூப்பிட்டார்கள். மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளை வெளியே நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் வயதான அதிகாரி. மலாயில் பேச வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. பெயர் கேட்டார், சொன்னேன். எத்தனை பிள்ளை, சொன்னேன். பிறகு, "உங்கள் வேலையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

எனக்கு மீன் விலையைத் தவிர ஒன்றும் வரவில்லை. அவர் பேனாவைத் தாளில் வைத்தார். அவர் எதையாவது எழுதிவிடுவதற்குள் நான் எதையாவது பேசிவிட வேண்டும். வாயைத் திறந்தேன். என்னிடம் முழு மலாயில் இருந்தது ஒரே ஒரு பக்கம்தான். அது தானாக வந்துவிட்டது.

"கீழே கையெழுத்திட்ட சடையப்பன் ஆகிய நான், என் சொந்த விருப்பத்தின் பேரில்..."

நிறுத்த நினைத்தேன். நிறுத்தினால் நடுவில் இருந்து தொடங்க எனக்குத் தெரியாது. மல்லிகா அப்படிச் சொல்லித்தரவில்லை. அரசாங்கப் பத்திரத்தை எடுத்ததைச் சொன்னேன். புலி இரண்டுக்கும் பொட்டு வைத்ததைச் சொன்னேன். தேதி மறைந்ததை, கையெழுத்து கரைந்ததைச் சொன்னேன். "இத்தவறுக்கு எந்தத் தண்டனை வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்" என்று கடைசி வரிவரைக்கும் சொல்லி முடித்து, நானாகவே நிமிர்ந்து நின்றேன். எந்த ரகசியத்தை எந்த அறையில் சொல்லக்கூடாது என்று ஒரு வருஷம் பயந்தேனோ, அதை அந்த அறையிலேயே, உச்சரிப்புப் பிசகாமல் சொல்லியாகிவிட்டது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கள்."

சொன்னேன். இந்தத் தடவை ஒரு புலி வந்ததுமே பக்கத்து மேசைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். வயதானவர் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்தார்.

"இப்போது நான் கேட்கிறேன். குடியுரிமைப் பத்திரம் கொடுத்தால் அதற்கும் பொட்டு வைப்பீர்களா?"

வைக்கமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் புத்திசாலி சொல்லும் பதில். ஆனால் என் பெண்சாதி, மகள், நான், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று சொல்கிற காகிதம். அதைக் கும்பிடாமல் எப்படிப் பெட்டிக்குள் வைப்பது? பொய் சொல்ல மனசு வரவில்லை. மீன் வாங்கும் மலாயில்தான், சார் என்ற இடத்தில் துவான் போட்டு, பதில் வந்தது.

"வைப்பேன், துவான். ஆனால் முதலில் போட்டோஸ்டாட் எடுப்பேன். பொட்டு அதற்கு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து தாளில் ஏதோ எழுதினார். ஒரே ஒரு சொல். எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. "போகலாம், கடிதம் வரும்" என்றார்.

வெளியே மல்லிகா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். "என்னாப்பா கேட்டாங்க?"

"வேலையப் பத்தி."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"நீ சொல்லிக்குடுத்தத."

அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. எந்த மொழியிலும்.

கடிதம் பதினோரு மாதம் கழித்து வந்தது. அந்தப் பதினோரு மாதமும் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு நான் முதலில் ஓடுவேன், என் செருப்பு பிறகு வரும். அன்று மல்லிகாதான் கேட்டில் நின்று வாங்கினாள். நின்ற இடத்திலேயே பிரித்து, மலாயில் மளமளவென்று வாய்விட்டு வாசித்தாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"தமிழ்ல சொல்லுடி" என்றேன்.

வாயைத் திறந்தாள். தமிழ் வரவில்லை. மலாயும் வரவில்லை. கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி வீட்டுக்குள்ளே பார்த்துக் கத்தினாள்:

"அம்மா! அப்பா இனிமே இங்கத்து ஆளுலா!"